பள்ளி விழா மேடைக்கு அனிமே பாடல்: மாணவர் இசைக்குழுவுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் பண்பாட்டு விழாவை ‘புன்காசாய்’ என்று அழைக்கிறார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அது செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையே வருகிறது. வகுப்பறைகள் சிற்றுண்டிக் கடைகளாகவும் பேய் வீடுகளாகவும் மாறியிருக்கும் அந்த ஓரிரு நாட்களில், உள்விளையாட்டரங்கின் மேடையைப் பெரும்பாலும் ‘கேயோன்-பு’ எனப்படும் மெல்லிசை மன்றத்தின் இசைக்குழுக்களே ஆள்கின்றன. அந்த மேடையில் ஒலிக்கும் பாடல்களில் அனிமே பாடல்களுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், அந்த மாதம்தான் முதன்முறையாக கிட்டாரைக் கையில் எடுத்த ஒரு மாணவர் இலையுதிர் காலத்தில் மேடையேற வேண்டியிருக்கும். இடையில் இருப்பது ஐந்தாறு மாதங்கள். அதிலும் தேர்வுகள், விடுமுறை என்று பல நாட்கள் கழிந்துவிடும்.

இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு குழு எந்த அளவுக்கு உருப்படும் என்பதைப் பயிற்சியைவிடப் பாடல் தேர்வே அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. எந்த அனிமே நமக்குப் பிடிக்கும் என்ற கேள்வியிலிருந்துதான் பெரும்பாலான குழுக்கள் தொடங்குகின்றன. பாடகரின் தொண்டையிலும் டிரம்ஸ் வாசிப்பவரின் கைகால்களிலும் தொடங்கி, அரங்கத்தையும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, இறுதியாக விருப்பத்திற்கு வருவதே பாதுகாப்பான வழி. ஜப்பானில் பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ புதிதாக இசைக்குழுவில் சேர்ந்திருப்பவர்களுக்காக அந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாடல்களைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்பே, விழாவை நடத்தும் மாணவர் செயற்குழுவிடமும் மன்றப் பொறுப்பாசிரியரிடமும் சில விவரங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு எத்தனை நிமிடம், அதில் முந்தைய குழு இறங்கி அடுத்த குழு கருவிகளை அமைத்துக்கொள்ளும் ‘டென்கான்’ நேரமும் அடங்குமா என்பது முதல் கேள்வி. பதினைந்து நிமிடம் என்று சொல்லி அதற்குள்ளேயே அமைப்பு நேரத்தையும் சேர்த்திருந்தால், இசைக்கு மிஞ்சுவது பத்து நிமிடம்தான். ஒரு முழுப் பாடல் சராசரியாக நான்கு நிமிடத்தை ஒட்டி ஓடும் என்பதால், அந்த நேரத்தில் இரண்டு பாடல்களும் ஒரு சிறு அறிமுகப் பேச்சுமே நிம்மதியாக அடங்கும். மூன்றாவது பாடலைத் திணிக்க முயலும் குழு, கடைசிப் பாடலை அவசரமாக ஓட்டி முடிக்கும் அல்லது பாதியில் மின்விளக்கு அணைக்கப்பட்டு இறங்கும்.

அடுத்து மேடையில் இருக்கும் சாதனங்கள். டிரம்ஸ் செட்டில் ஒற்றைப் பெடல் மட்டும் இருக்கிறதா, இரட்டைப் பெடலை நாமே கொண்டுவர வேண்டுமா? எத்தனை மைக்குகள் உண்டு? கீபோர்டை நேரடியாக ஒலிக்கலவைக் கருவியில் இணைக்க முடியுமா? கிட்டாருக்கு என்ன ஆம்ப் (ஒலிபெருக்கி) இருக்கிறது? ஜப்பானியப் பயிற்சிக் கூடங்களிலும் பள்ளிகளிலும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜேசி-120 ஆம்பைப் பரவலாகக் காணலாம். அது தெளிந்த ஒலிக்குப் பெயர்பெற்றது. ராக் பாடலுக்கு வேண்டிய கரகரப்பை நீங்கள் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே இணைக்கும் ஒலிமாற்றுப் பெடலில் இருந்துதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். பெடல் இல்லாத புதியவர் கனத்த ஒலியை நம்பியிருக்கும் பாடலைத் தேர்ந்தெடுத்தால், மேடையில் அந்தப் பாடல் வெளிறிப்போய்க் கேட்கும்.

ஒரே பாடலை இரண்டு குழுக்கள் வாசிக்க அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். சில மன்றங்களில் முதலில் பெயர் கொடுத்தவருக்கே பாடல் உரியது. அப்படியானால், அந்த ஆண்டு எல்லோரும் விரும்பும் பாடலை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து.

குழுவின் அமைப்பும் பாடலின் அமைப்பும்

அனிமே பாடல்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. தேர்வு செய்யும் நோக்கில் அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது மிகவும் உதவும்.

முதல் வகை, கதைக்குள்ளேயே ஒரு மாணவர் இசைக்குழு மேடையில் வாசிக்கும் பாடல்கள். 2006-இல் ஒளிபரப்பான ‘சுசுமியா ஹாருஹி நோ யூஉட்சு’ தொடரின் பள்ளி விழா அத்தியாயத்தில் வரும் ‘காட் நோஸ்’, 2009-இல் வெளிவந்த ‘கே-ஆன்!’ தொடரின் ‘ஃபுவா ஃபுவா டைம்’, 2010-இல் வந்த ‘ஏஞ்சல் பீட்ஸ்!’ தொடரில் கேர்ள்ஸ் டெட் மான்ஸ்டர் என்னும் கற்பனைக் குழு பாடும் ‘க்ரோ சாங்’, 2022-இன் ‘போச்சி தி ராக்!’ தொடரில் கெஸ்ஸோகு பேண்ட் விழா மேடையில் வாசிக்கும் ‘வசுரெதே யாரனாய்’, ‘செய்சா நி நரெதாரா’ ஆகியவை இதில் அடங்கும். திரையில் நான்கைந்து பேர் நின்று வாசிப்பதாகக் காட்ட வேண்டியிருந்ததால், அந்த நான்கைந்து கருவிகளைக் கொண்டே இவற்றின் இசை கட்டப்பட்டிருக்கிறது. மாணவர் குழு அப்படியே எடுத்து வாசிக்க இதைவிடப் பொருத்தமான ஊற்று வேறில்லை.

இரண்டாம் வகை, உண்மையான ராக் குழுக்கள் அனிமேவுக்கு அளித்த பாடல்கள். ‘நருட்டோ’வின் இரண்டாம் தொடக்கப் பாடலான ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷனின் ‘ஹருகா கனதா’, ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ தொடருக்கு அதே குழு 2004-இல் அளித்த ‘ரீரைட்’, ‘நருட்டோ ஷிப்புதென்’ தொடருக்கு கானா-பூன் குழு அளித்த ‘சில்ஹவுட்’, 2016-இல் வந்த ‘கிமி நோ ந வா’ திரைப்படத்தின் ராட்விம்ப்ஸ் பாடல் ‘சென்சென்சென்சே’ ஆகியவை இந்த வகை. இவற்றையும் கிட்டார், பேஸ், டிரம்ஸ் கொண்ட குழுக்களே வாசித்திருக்கின்றன என்பதால் எலும்புக்கூடு நமக்குத் தெரிந்ததே. திறமைதான் கூடுதலாக வேண்டும்.

மூன்றாம் வகை, ஒலிப்பதிவுக் கூடத்தில் பல அடுக்குகளாகக் கட்டப்பட்டவை. 2023-இன் ‘ஓஷி நோ கோ’ தொடக்கப் பாடலான யோஆசோபியின் ‘ஐடல்’, 2013-இல் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடருக்கு லிங்க்ட் ஹொரைசன் உருவாக்கிய ‘குரென் நோ யூமியா’ ஆகியவை உதாரணம். முதலாவதில் கணினி ஒலிகளும் கூட்டக் குரல்களும் இடையிடையே சுருதி மாற்றங்களும் நிறைந்திருக்கின்றன. இரண்டாவது பெருங்குழு இசையையும் சேர்ந்திசையையும் நம்பி நிற்கிறது. நான்கு பேர் இவற்றை வாசித்தால், கேட்பவர் நினைவில் இருக்கும் பாடலுக்கும் மேடையில் ஒலிப்பதற்கும் இடையே பெரிய பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்ப, பதிவு செய்த பின்னணி இசையை ஓடவிட்டு, டிரம்ஸ் வாசிப்பவர் காதில் மட்டும் தாளத்தட்டைக் கேட்டு வாசிக்கும் ‘டோகி’ என்ற முறை உண்டு. முதலாண்டுக் குழுவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பின்னணி இசை யாருக்காகவும் காத்திருக்காது. ஓர் அடி தவறினாலும் பாடல் முடியும் வரை மீண்டும் சேர முடியாமல் போகலாம்.

‘கவ்பாய் பீபாப்’ தொடரின் ‘டேங்க்!’ போன்ற பித்தளைக் காற்றிசைப் பாடல்கள் பள்ளியின் காற்றிசை மன்றத்துக்கு அழகாகப் பொருந்தும். கிட்டார் குழு அவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

உங்கள் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் இருந்தால், அவருக்கு உண்மையான வேலை இருக்கும் பாடல் ஒன்றாவது பட்டியலில் இருக்க வேண்டும். ‘கே-ஆன்!’ பாடல்கள் இந்த வகையில் அருமையானவை, ஏனெனில் அந்தக் கற்பனைக் குழுவிலேயே கீபோர்டு வாசிக்கும் பாத்திரம் உண்டு. ஒரே ஒரு கிட்டார்தான் இருக்கிறது என்றால், இரண்டு கிட்டார்களின் பின்னலையே உயிராகக் கொண்ட பாடல்களைத் தவிருங்கள். அல்லது குரல் ஒலிக்கும் இடங்களில் நாண்களையும், குரல் நிற்கும் இடங்களில் மெட்டையும் வாசித்து ஒப்பேற்ற முடிகிறதா என்று முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

பாடகரின் குரல்

பார்வையாளர்களில் பெரும்பாலோர் கேட்பது குரலை மட்டுமே. கிட்டாரில் நான்கு தவறுகள் நேர்ந்தாலும் அவர்கள் கவனிக்க மாட்டார்கள். மேல் ஸ்தாயியில் குரல் ஒருமுறை உடைந்தால் அரங்கமே அறியும். ஆகவே பாடலைப் பாடகரே சோதித்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இதற்கு ஜப்பானில் எளிய வழி ஒன்று இருக்கிறது. பள்ளி முடிந்து கரோக்கே கடைக்குச் செல்லுங்கள். அங்கு இருக்கும் டாம், ஜாய்சவுண்ட் ஆகிய இரு அமைப்புகளிலும் சுருதியை அரைக்கட்டை அரைக்கட்டையாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். முதலில் மூலச் சுருதியிலேயே, எழுந்து நின்று, முழுப் பாடலையும் பாட வேண்டும். பிறகு இடைவெளியின்றி இரண்டாம் முறை, மூன்றாம் முறை. முதல் முறை பாடியபோது எட்டிய உச்ச ஸ்வரம் மூன்றாம் முறையும் எட்டுகிறதா என்பதே சோதனை, ஏனெனில் விழா நாளில் பாடகர் காலையிலிருந்து நண்பர்களோடு கத்திப் பேசி, தம் வகுப்புக் கடைக்கு ஆள் கூப்பிட்டு, களைத்த தொண்டையோடுதான் மேடையேறுவார். எட்டவில்லையென்றால் அரைக்கட்டை குறைத்து மீண்டும் பாடுங்கள். கடைசிப் பல்லவியில் சுருதி உயரும் பாடல்கள் அனிமேவில் நிறைய உண்டு என்பதால், முதல் பல்லவி சௌகரியமாக இருப்பதை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

கிடைத்த சுருதியை உடனே கிட்டார் வாசிப்பவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த முடிவின் சுமை அவர் மேல்தான் விழுகிறது. அரைக்கட்டை குறைப்பது எளிது. எல்லாத் தந்திகளையும் அரைக்கட்டை தளர்த்திக்கொண்டு பழைய விரல் நிலைகளிலேயே வாசிக்கலாம். ஆனால் அந்த நிகழ்ச்சியின் எல்லாப் பாடல்களும் அதே தளர்ந்த நிலையில் அமைய வேண்டும். இரண்டு பாடல்களுக்கு நடுவே மேடையில் தந்திகளை மீண்டும் முறுக்கிக்கொண்டிருந்தால் நேரமும் அரங்கின் சூடும் வீணாகும். மூன்று நான்கு அரைக்கட்டைகள் குறைக்க வேண்டியிருந்தால் விரல் நிலைகள் அடியோடு மாறும். திறந்த தந்திகளின் ஒலியை நம்பிய முன்னிசை அப்போது வேறு பாடல் போலாகிவிடும். அப்படிப்பட்ட முன்னிசை உள்ள பாடலானால், பாடலையே மாற்றுவது நல்லது.

பெண்குரல் பாடலை ஆண் பாடுவதும், ஆண்குரல் பாடலைப் பெண் பாடுவதும் தாராளமாக நடக்கலாம். ஒரு ஸ்தாயி கீழே பாடினால் பெரும்பாலும் குரல் அடியில் புதைந்துவிடும் என்பதால், நான்கைந்து அரைக்கட்டை மாற்றிப் பார்ப்பதே வழக்கம். 2019-இல் ‘கிமெட்சு நோ யாய்பா’வுக்கு லிசா பாடிய ‘குரெங்கே’யைப் பலர் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள், அதன் வேகம் மிரட்டுவதில்லை, ஆனால் குரலுக்கு மிகுந்த வலிமை வேண்டும். 2014-இன் ‘டோக்கியோ கூல்’ தொடக்கப் பாடலான ‘அன்ராவல்’ கிசுகிசுப்பில் தொடங்கி மிக உயர்ந்த ஆண்குரலுக்கு ஏறுகிறது. அந்தப் பாடலைப் பாடும் ஆசை எனக்குப் புரிகிறது என்றாலும், அதற்கென்றே பிறந்த குரல் குழுவில் இல்லாவிட்டால் கேட்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய மொழி தாய்மொழியாக இல்லாத பாடகர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. வரிகளை ஹிராகனாவிலேயே எழுதிப் படியுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாத்திரை என்ற கணக்கு அதில் கண்ணுக்குத் தெரியும். குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் தமிழருக்குப் பழக்கமானவை என்பதால் தாளத்தில் சொற்களை அமர்த்துவது அவ்வளவு கடினமாக இராது. மூச்சு வாங்க இடமில்லாமல் சொற்கள் நெருங்கி வரும் பாடல்களை மட்டும் இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவது பாடகரையும் இப்போதே தீர்மானியுங்கள். ‘கே-ஆன்!’ தொடரின் முதல் விழா அத்தியாயத்தில், பாட வேண்டிய யுயி அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து குரல் கம்மிப்போக, பேஸ் வாசிக்கும் மியோ பாட வேண்டியதாகிறது. நிஜ மேடைகளிலும் நடக்கக்கூடியதுதான் அது. குழுவில் இன்னொருவரும் பாடக்கூடிய சுருதியில் ஒரு பாடலாவது அமைந்திருந்தால், நிகழ்ச்சியைக் கைவிட வேண்டிய நிலை வராது.

டிரம்ஸும் வேகமும்

குழுவில் யாருடைய திறமை பாடலின் வேகத்துக்கு உச்சவரம்பு விதிக்கிறது என்றால், அது டிரம்ஸ் வாசிப்பவருடையதே. ‘சென்சென்சென்சே’ நிமிடத்துக்குச் சுமார் 190 தட்டுகள் என்ற வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் கை தளராமல் வாசிப்பது ஆரம்பநிலையில் இருப்பவருக்கு உடல் வலிமைச் சோதனையாகவே இருக்கும். ‘காட் நோஸ்’ சுமார் 150. டிரம்ஸுக்கு அது ஓரளவு தாங்கும், ஆனால் அதன் முன்னிசையில் கிட்டார் வாசிப்பவர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ‘குரெங்கே’ சுமார் 135. எண் மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்காகவே இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைக்கிறேன்: ஒவ்வொரு பாடலிலும் கடினம் வேறு வேறு ஆளின் மேல் விழுகிறது. உங்கள் குழுவில் வலுவான ஆள் யார் என்று பார்த்து, கடினம் அவர்மேல் விழும் பாடலைத் தேர்ந்தெடுங்கள்.

மெதுவான பாடல் எளிதானது என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஸோன் குழு 2001-இல் வெளியிட்டு, 2011-இல் ‘அனோஹனா’ தொடரின் நிறைவுப் பாடலாக மீண்டும் புகழ்பெற்ற ‘சீக்ரெட் பேஸ்’ புதியவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைக்கும் பாடல். ஆயினும் அதில் தாளம் இழுபடத் தொடங்கினால் மறைக்க இடமே இல்லை. மெதுவான பாடலை வாசிக்கும் குழு பதற்றத்தில் தன்னையறியாமல் வேகமெடுக்கும். தாளத்தட்டுக் கருவியோடு பழகாமல் இதைத் தவிர்க்க முடியாது.

சோதிக்கும் முறை இது. மூலப் பதிவை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, டிரம்ஸும் பேஸும் மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிற்காமல் வாசித்துப் பார்க்க வேண்டும். மூன்று பயிற்சி நாட்களுக்குப் பிறகும் நிற்காமல் முடிக்க முடியவில்லை என்றால், அந்தப் பாடல் இந்த ஆண்டுக்கு உரியதல்ல. இடையில் வரும் சிக்கலான உருட்டல்களை எளிமைப்படுத்திக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. உருட்டலை விட்டுவிட்டு அடுத்த அடியின் முதல் தட்டில் சரியாக விழுபவரே நல்ல டிரம்ஸ் கலைஞர்.

அரங்கின் எதிரொலி

புதிய குழுக்கள் பெரிதும் கவனிக்காமல் விடும் விஷயம் இது. உள்விளையாட்டரங்கு கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்டது. உயர்ந்த கூரை, மரத்தளம், வெறும் சுவர்கள் என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்பும். தட்டிய ஒலி அடங்குவதற்குள் அடுத்த தட்டு வந்து சேர்ந்துவிடுவதால், சிறிய பயிற்சி அறையில் கூர்மையாகக் கேட்ட வேகமான பாடல் அங்கே ஒரே இரைச்சலாகக் கலங்கிப்போகும். இரண்டு கிட்டார்களும் கனத்த கரகரப்போடு தொடர்ந்து ஒலிக்கும் பாடல்களில் குரல் முதலில் மூழ்கும், அதன்பின் பேஸ்.

ஆகவே, இசைக்கிடையே இடைவெளி உள்ள பாடல்கள் அந்த அரங்கில் வெற்றி பெறுகின்றன. குரல் வரும் இடத்தில் கிட்டார் ஒதுங்கி நிற்பதும், பல்லவிக்கு முன் ஒரு கணம் எல்லாக் கருவிகளும் நிற்பதும், சொற்கள் நெருக்கமாக அடுக்கப்படாமல் இருப்பதும் அங்கே பலன் தரும். கடைசிப் பல்லவிக்கு முன் கருவிகள் அடங்கி, குரலும் ஒரே ஒரு கருவியும் மட்டும் ஒலிக்கும் பகுதியை ஜப்பானியர் ‘ஓச்சி-சபி’ என்கிறார்கள். அந்தப் பகுதி உள்ள பாடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதுவரை சொற்கள் விளங்காமல் இருந்தவர்களுக்கும் அந்த ஒரு கணம் பாடல் சென்று சேரும். வேகமான பாடலை விடவே முடியாது என்றால், கரகரப்பைப் பயிற்சியில் வைத்ததைவிடக் குறைத்து, வேகத்தையும் சற்றே தளர்த்துங்கள். ஒத்திகையின்போது ஒருவர் கைப்பேசியோடு அரங்கின் நடுவில் நின்று பதிவு செய்து, எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். மேடைக்கு மேலே நின்று கேட்பதை நம்பாதீர்கள்.

ஒன்றரை நிமிடப் பாடலும் முழுப் பாடலும்

தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் தொடக்கப் பாடல் ஒன்றரை நிமிடம்தான். முழுப் பாடல் அதைப்போல் இரண்டரை மூன்று மடங்கு நீளமானது. பார்வையாளர்களில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முதல் ஒன்றரை நிமிடம் மட்டுமே. அவர்கள் ஆரவாரத்தோடு கைதட்டி, பல்லவியைச் சேர்ந்து பாடி முடித்ததும் இரண்டாம் சரணம் தொடங்கும். அங்கே முகங்கள் மெல்ல மாறுவதை மேடையிலிருந்தே காணலாம். எனவே ஒரு பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் இரண்டாம் பாதியைத் தனியாகக் கேட்டு, தெரியாதவரையும் அது பிடித்து வைக்குமா என்று பாருங்கள். கிட்டார் தனியிசை, தாள மாற்றம், எல்லோரும் கைதட்டக்கூடிய இடம், ஓச்சி-சபி என ஏதாவது ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

ஒன்றுமில்லாவிட்டால் வெட்டிச் சுருக்கலாம். முதல் சரணமும் பல்லவியும், பிறகு இடையிசை, அதன்பின் நேராக ஓச்சி-சபியும் கடைசிப் பல்லவியும் என்று வாசித்தால், பெரும்பாலான பாடல்கள் மூன்று நிமிடத்துக்குள் நிறைவாக முடியும். பத்து நிமிடத்தில் மூன்று பாடல்களுக்கு ஆசைப்படுபவர்களுக்கும் இதுவே வழி. ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பயிற்சியின் முதல் நாளே முடிவு செய்யுங்கள். முழுப் பாடலாகப் பழகிய கைகள் மேடைப் பதற்றத்தில் பழைய வழிக்கே திரும்பும்.

ஒரே பாடலுக்குப் பல வடிவங்கள் இருப்பதையும் மறக்க வேண்டாம். ‘சென்சென்சென்சே’க்குத் திரைப்பட வடிவம் வேறு, குழுவின் ஆல்பத்தில் உள்ள மூல வடிவம் வேறு. எல்லோரும் ஒரே வடிவத்தைக் கேட்டுப் பழகுகிறார்களா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாடல்வாரியாக விற்கப்படும் இசைக்குறிப்புகளை யமஹாவின் ‘புரிந்தோ காகுஃபு’ தளத்தில் வாங்கலாம். எல்லாக் கருவிகளுக்குமான குறிப்பு கிடைக்கும் பாடலைத் தேர்ந்தெடுப்பது புதியவர்களுக்குப் பெரும் நிம்மதி, ஏனெனில் காதால் கேட்டு எழுதும் ‘மிமிகோபி’யில் ஆளுக்கொரு விதமாகக் கேட்டு வந்து சண்டையிட நேராது.

யாருக்காக, எந்த வரிசையில்

விழாவுக்கு மாணவர்கள் மட்டும் வருவதில்லை. பெற்றோர், ஆசிரியர், தம்பி தங்கைகள், பழைய மாணவர்கள் எல்லோரும் வருவார்கள். கடந்த ஓரிரு ஆண்டுகளில் ஒளிபரப்பான தொடரின் பாடல் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1995-இல் வந்த ‘எவாஞ்செலியன்’ தொடரின் ‘சன்கோகு ந தென்ஷி நோ தேசே’யும், 1999-இல் தொடங்கிய ‘ஒன் பீஸ்’ தொடரின் முதல் பாடலான ‘வீ ஆர்!’-உம் பெற்றோர் தலைமுறைக்கும் தெரியும். மூன்று பாடல்களில் ஒன்றாவது இரு தலைமுறைக்கும் பொதுவாக இருக்கட்டும். குழுவினர் உயிரையே வைத்திருக்கும், ஆனால் யாருக்கும் தெரியாத ஒரு பாடலுக்கும் இடம் உண்டு. அதை நடுவில் வையுங்கள், முதலிலோ கடைசியிலோ வேண்டாம்.

முதல் பாடலுக்கு, கேட்ட மாத்திரத்தில் அடையாளம் தெரியும் முன்னிசை வேண்டும். குரலிலேயே தொடங்கும் பாடல்களை முதலில் வைக்காதீர்கள். ‘சன்கோகு ந தென்ஷி நோ தேசே’யும் ‘குரெங்கே’யும் அந்த வகை. படபடக்கும் இதயத்தோடு, எந்தக் கருவியின் துணையுமின்றி முதல் ஸ்வரத்தைப் பிடிப்பது கடினம். இரண்டாவதாக வைத்தால், பாடகர் பேசி முடிக்கும் வேளையில் கீபோர்டோ கிட்டாரோ அந்த ஸ்வரத்தை மெல்ல ஒலித்துக் கொடுக்க முடியும். ‘ஹருகா கனதா’ போன்று பேஸ் கிட்டாரின் மெட்டோடு தொடங்கும் பாடலென்றால், பேஸ் வாசிப்பவர் நிதானமானவரா என்று பாருங்கள்.

பல மன்றங்களில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இந்த விழாவோடு விடைபெறுகிறார்கள். அவர்கள் இருக்கும் குழுவானால், கடைசிப் பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ‘சீக்ரெட் பேஸ்’ அந்த இடத்தில் ஒலிக்கும்போது அது பெறும் கனம் வேறு எந்த மேடையிலும் கிடைக்காது.

‘போச்சி தி ராக்!’ தொடரின் இறுதி அத்தியாயத்தில், ‘செய்சா நி நரெதாரா’ பாடலின் நடுவே நாயகி ஹிதோரியின் கிட்டார் தந்தி அறுந்துபோகிறது. பாடகி கிதா தம் கிட்டாரால் இடைவெளியை நிரப்ப, ஹிதோரி ஒரு சாராயக் கண்ணாடிக் குப்பியைத் தந்திகளின் மேல் சறுக்கித் தனியிசையை வாசித்து முடிக்கிறார். அந்தச் சாதுரியம் எல்லோருக்கும் வராது. சுருதி சேர்த்த இன்னொரு கிட்டாரை மேடையோரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிட்டார் நின்றாலும் மற்றவர்கள் எட்டு அடிகள் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடிய இடம் எது என்பதை ஒவ்வொரு பாடலிலும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

உரிமை தொடர்பான விதிகள்

ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, இலாப நோக்கமின்றி, பார்வையாளரிடம் கட்டணம் வாங்காமல், வாசிப்பவர்களுக்கு ஊதியம் தராமல் நடக்கும் நிகழ்ச்சியில், வெளியான பாடலை வாசிக்கத் தனி அனுமதி தேவையில்லை. இந்த மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும். பல்கலைக்கழக விழாவில் நுழைவுச்சீட்டு விற்றால் இந்த விலக்கு பொருந்தாது. ஜாஸ்ராக் போன்ற உரிமை நிர்வாக அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

மேடையில் வாசிப்பதற்குரிய இந்த விலக்கு இணையத்தில் ஒளிபரப்புவதற்குப் பொருந்தாது. யூடியூப் நிறுவனம் ஜாஸ்ராக்குடன் ஒப்பந்தம் செய்திருப்பதால், அந்த அமைப்பின் நிர்வாகத்தில் உள்ள பாடலை நீங்களே வாசித்த காணொளியாக மாணவர்கள் பதிவேற்ற வழி இருக்கிறது. ஆனால் குறுந்தகட்டின் மூல ஒலியையோ கரோக்கே ஒலியையோ அதில் கலக்கக் கூடாது. பிறருடைய முகங்கள் தெரிவதால் பள்ளியின் அனுமதியும் வேண்டும். அனிமே காட்சிகளை வெட்டி ஒட்டிப் பின்திரையில் ஓடவிடும் யோசனை வந்தால், அது வேறு உரிமைகளைத் தொடும் என்பதால் கைவிடுங்கள். பாடல் வரிகளை முன்கூட்டியே பார்க்கும் வழக்கம் உள்ள பள்ளியானால், முழு வரிகளையும் படித்த பிறகே பெயர் கொடுங்கள். ஒன்றரை நிமிடப் பகுதியில் இல்லாத வன்முறையோ ஆபாசமோ இரண்டாம் சரணத்தில் இருக்கக்கூடும்.

இறுதி முடிவுக்கு முன்

மே மாதத்துக்குள் ஆறேழு பாடல்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வோர் உறுப்பினரும் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஒன்றை மறுக்கவும் உரிமை உண்டு. ஜூன் முழுவதும் மேலே சொன்ன குரல் சோதனையும் முக்கால் வேகச் சோதனையும் நடக்கட்டும். ஜூலை இறுதியில் கோடை விடுமுறை தொடங்கும் முன் பட்டியலை முடித்துவிட வேண்டும், ஏனெனில் விடுமுறைதான் உண்மையான பயிற்சிக் காலம். ஒரு எளிய பாடல், ஒரு நடுத்தரப் பாடல், குழுவை ஓர் அடி மேலே இழுக்கும் ஒரு கடினமான பாடல் என்ற கலவை முதலாண்டுக் குழுவுக்கு நன்றாக அமையும். மூன்றும் கடினமாக இருந்தால் மூன்றுமே அரைகுறையாக நிற்கும். கடினமான பாடல் ஆகஸ்ட் இறுதியிலும் தேறவில்லை என்றால், அதை வெட்டிச் சுருக்குங்கள். புதிய பாடலுக்கு மாறாதீர்கள்.

பட்டியல் உறுதியானதும் ஒலிப் பொறுப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய தாளை எழுதுங்கள். பாடலின் பெயரை அதிகாரபூர்வமாக எழுதப்படும் முறையிலேயே எழுதி, நாம் வாசிக்கும் நீளம், எந்தக் கருவியில் தொடங்குகிறது, யார் யாருக்கு மைக், எந்த நிமிடத்தில் யாருடைய தனியிசைக்கு ஒலியை உயர்த்த வேண்டும், பாடல்களுக்கு நடுவே எங்கே பேச்சு வருகிறது என்பதையெல்லாம் குறிப்பிடுங்கள். மேடையை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு சிறு படம் வரைந்து, ஆம்ப், கீபோர்டு, மைக் ஆகியவற்றின் இடங்களைக் காட்டுங்கள். ஒரு பிரதியைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, இன்னொன்றை டிரம்ஸ் வாசிப்பவரின் காலடியில் ஒட்டிவிடுங்கள்.